ஆவாரம்பூக் குடிநீர்

நுழையும்முன்

தன்னைச் சூழ்ந்துள்ள செடிகொடிகளை ஒரு சமூகம் பல தலைமுறைகளாக உற்றுநோக்கிப் பெற்ற அறிவே அதன் மரபு மருத்துவம். அவ்வறிவு பழமொழியாகவும் சமையலாகவும் சடங்காகவும் வாழ்ந்துவருகிறது. இன்று அதன் ஒரு பகுதி மூலிகைத் தேநீர் என்னும் பெயரில் பொதியப்பட்டுக் கடைகளில் விற்கப்படுகிறது. முன்னோர் சொன்னது என்பதாலேயே ஒன்றை ஏற்பதும், பழையது என்பதாலேயே ஒன்றைத் தள்ளுவதும் அறிவுடைமை ஆகா. மரபு கூறுவதையும் அறிவியல் கூறுவதையும் எவ்வாறு சேர்த்து எண்ணுவது என்பதை, ஆவாரம்பூக் குடிநீரைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

“ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?” என்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வழங்கிவரும் பழமொழி. ஆவாரஞ்செடி பூத்து நிற்கும் ஊரில் நோயால் மடிபவர் உண்டோ என்பது அதன் நேர்பொருள். ஒரு குத்துச்செடியின்மீது இத்துணை நம்பிக்கை வைத்த மக்கள், அதன் பூவைக் காய்ச்சிப் பருகினர். பருப்புடன் சேர்த்துச் சமைத்தனர். உலர்த்திப் பொடியாக்கி உடலில் பூசிக் குளித்தனர்.

அந்நம்பிக்கைக்கு அடிப்படை யாது? அதனை எந்த எல்லைவரை கொண்டுசெல்லலாம்? இவ்வினாக்கள் இன்று பெரிதும் முதன்மை பெற்றுள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் ஒருவருக்கு அந்நோய் இருப்பது தெரியவந்ததும், உறவினரும் அண்டை வீட்டாரும் கூறும் கைம்மருந்துகளுள் ஆவாரம்பூவும் ஒன்று. ஆகவே, அதனைப் பற்றிச் சரியாக அறிந்திருப்பது ஒருவரின் உடல்நலத்தோடு நேரடித் தொடர்புடையதாகிறது.

வறண்ட நிலத்தின் பொன்மலர்

ஆவாரை, வறட்சியைத் தாங்கி வளரும் பசுமை மாறாக் குத்துச்செடி. தமிழ்நாட்டின் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் குன்றுகளின் அடிவாரங்களிலும் இதனைப் பரவலாகக் காணலாம். தென்னிந்தியாவின் பிற மாநிலங்களிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இது இயல்பாக வளர்கிறது. விதைப்பாரும் நீர் பாய்ச்சுவாரும் இல்லாமலேயே செழித்து, மஞ்சள் நிறப் பூங்கொத்துகளைத் தாங்கி நிற்கும்.

இதன் இலைகள் சிற்றிலைகள் இணை இணையாக அமைந்த கூட்டிலைகள். ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் காதுமடலைப் போன்ற அகன்ற செதில்கள் இருக்கும். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இச்செடிக்குக் ‘காசியா ஆரிகுலேட்டா’ என்று பெயரிட்டார். அப்பெயரின் இரண்டாம் சொல்லுக்குக் ‘காதினை உடையது’ என்பது பொருள். பின்னர் இச்செடி ‘சென்னா’ என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. இன்று ‘சென்னா ஆரிகுலேட்டா’ என்று வழங்கப்படுகிறது.

பூவில் ஐந்து இதழ்களும் பத்து மகரந்தத் தாள்களும் உள்ளன. மேற்புறமுள்ள மூன்று தாள்கள் வளமற்றவை. இப்பூ தேன் சுரப்பதில்லை. வண்டுக்கு இது தரும் உணவு மகரந்தமே. அம்மகரந்தமும் பையின் நுனியிலுள்ள சிறு துளையின் வழியாகவே வெளிவரும். பெரிய வண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்கையில், பொடி உதிர்வதுபோல் மகரந்தம் அவற்றின்மேல் சொரிகிறது. பூ முதிர்ந்து காயானதும், தாள் போன்ற மெல்லிய தட்டைக் காய்கள் செடியில் கொத்தாகத் தொங்கும். பூவைக்கொண்டு மட்டுமன்றி, காதுமடல் போன்ற செதிலையும் தட்டைக் காயையும் கொண்டே இச்செடியை உறுதியாக அடையாளம் காண இயலும். இவ்வடையாளத்தின் இன்றியமையாமை பின்னர் விளங்கும்.

இலக்கியத்திலும் வாழ்விலும் ஆவிரை

ஆவாரையின் பழம்பெயர் ஆவிரை. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் பாறையில் குவித்த 99 பூக்களுள் ஆவிரையும் இடம்பெறுகிறது. சங்க அகப்பாடல்கள் காட்டும் மடலேறுதல் என்னும் வழக்கத்திலும் இப்பூவுக்கு இடமுண்டு. தான் விரும்பிய பெண்ணை மணக்க இயலாத தலைவன், பனைமடலால் குதிரை செய்து, ஆவிரை, பூளை, எருக்கு ஆகிய பூக்களைச் சூடி, ஊர் அறியத் தெருவில் வருவதாகக் கூறுவான். விரும்பிச் சூடும் நறுமலர்களை விடுத்து, எவரும் சூடாத தரிசுநிலப் பூக்களைச் சூடுவது அவனது துயரத்தின் அடையாளம்.

அதே ஆவிரையும் பூளையும் இன்று மங்கலப் பூக்களாகவும் விளங்குகின்றன. பொங்கலையொட்டிக் கொங்குப் பகுதி உள்ளிட்ட பல ஊர்களில் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, வீட்டின் கூரையிலும் வாயிலிலும் செருகுவர். இது காப்புக் கட்டுதல் எனப்படும். தெலுங்கு மொழியில் ‘தங்கேடு’ என்று வழங்கும் இப்பூ, தெலங்கானாவின் மாநில மலர். அம்மாநில மகளிர் கொண்டாடும் பதுகம்மா விழாவில் பூக்களை அடுக்கிக் கோபுரமாக அமைப்பதற்கு இது தவறாது இடம்பெறும். இலங்கையில் சிங்கள மக்கள் இதனை ‘ரணவரா’ என்பர். தேயிலைக்குப் பெயர்பெற்ற அந்நாட்டிலும் ரணவரா பூவைக் கொதிக்கவைத்துப் பருகும் வழக்கம் தொடர்கிறது.

மரபு மருத்துவத்தில் ஆவாரை

சித்த மருத்துவம் ஆவாரையைத் துவர்ப்புச் சுவையும் குளிர்ச்சித் தன்மையும் உடையதாகக் கருதுகிறது. மிகு தாகம், உடற்சூடு, அளவுக்கு மீறிச் சிறுநீர் கழிதல், தோல் வறட்சி, உடலில் உண்டாகும் கற்றாழை நாற்றம் ஆகியவற்றுக்கு இதனைப் பயன்படுத்துவர். வேர், பட்டை, இலை, பூ, காய் ஆகிய ஐந்து உறுப்புகளும் மருந்தாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வைந்தையும் உலர்த்தி இடித்துச் செய்யும் பொடி ஆவாரைப் பஞ்சாங்கச் சூரணம் எனப்படும்.

கோடையில் நெடுந்தொலைவு நடப்போர் ஆவாரந்தழையைத் தலையில் வைத்துக் கட்டிக்கொள்வது நாட்டுப்புற வழக்கம். உலர்ந்த பூவைப் பாசிப்பயறுடன் சேர்த்து அரைத்துக் குளியற்பொடியாகப் பயன்படுத்துவதும் உண்டு. புதிய பூவைப் பாசிப்பருப்புடன் சேர்த்துக் கூட்டாகச் சமைப்பர்; துவையலாகவும் அரைப்பர்.

நீரிழிவுக்குச் சித்த மருத்துவர்கள் வழங்கும் மருந்துகளுள் புகழ்பெற்றது ‘ஆவாரைக் குடிநீர்’. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோட்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை ஆகிய ஏழு பொருள்கள் இதில் சேர்கின்றன. இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். மரபு மருத்துவர் தரும் ஆவாரைக் குடிநீரும், வீட்டில் பூவை மட்டும் கொதிக்கவைத்துப் பருகும் ஆவாரம்பூக் குடிநீரும் ஒன்றல்ல. பெயர் ஒத்திருப்பதால், முன்னதற்குரிய பயன்கள் அனைத்தும் பின்னதற்கும் உரியவை என எண்ணுவது பொருந்தாது.

தெரிந்து தெளிவோம்

சித்த மருத்துவம் அக மருந்துகளை 32 வகையாகவும் புற மருந்துகளை 32 வகையாகவும் பகுத்துள்ளது. அக மருந்துகளுள் ஒன்று குடிநீர். சரக்குகளை நீரிலிட்டுக் காய்ச்சி வடித்த நீரே இப்பெயர் பெறும். குடிநீரின் பயன்படு காலம் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம் மட்டுமே என்பது மரபு. சூரணத்துக்கோ மூன்று மாதம் என வரையறுத்தனர். நாள்பட்ட மருந்து பயன் தராது என்பதை மரபு மருத்துவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

குடிநீர் செய்யும் முறை

தூசும் புகையும் படியாத இடத்தில் வளர்ந்த செடியிலிருந்து, நன்கு மலர்ந்த பூக்களைப் பறித்துக் காம்பு நீக்கிக் கழுவ வேண்டும். புதிய பூவாயின் ஒரு கைப்பிடி அளவும், உலர்ந்த பூவாயின் அதனினும் குறைந்த அளவும் போதுமானவை. இரண்டு குவளை நீரைக் கொதிக்கவைத்து, அதில் பூவை இட்டு, நீர் பொன்னிறம் பெறும்வரை காய்ச்சி வடிகட்டுவர். இஞ்சி, ஏலக்காய் ஆகியவற்றுள் ஒன்றைச் சுவைக்காகச் சேர்ப்பதும் உண்டு.

பூவை உலர்த்துவதற்கு நிழலே ஏற்றது. கடும் வெயிலில் உலர்த்தினால் நிறம் மங்கும். ஈரம் எஞ்சிய நிலையில் அடைத்துவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த பூ மருந்தாகாது. குடிநீருடன் கருப்பட்டியோ தேனோ சேர்க்கும் வழக்கமும் காணப்படுகிறது. நலமுடன் இருப்போர்க்கு அது சுவை. நீரிழிவு உடையவருக்கோ, கருப்பட்டியும் தேனும் சர்க்கரையைப் போன்றே இரத்தத்தில் சர்க்கரை அளவை உயர்த்துபவை. சர்க்கரையைக் குறைக்கவென்று பருகும் குடிநீரில் கருப்பட்டியைச் சேர்ப்பது, எண்ணிய பயனுக்கு எதிரானது.

துவர்ப்பின் வேதியியல்

ஆவாரம்பூக் குடிநீரைப் பருகியதும் நாக்கு இழுப்பதுபோல் ஒரு துவர்ப்புத் தோன்றும். அதற்குக் காரணம் டானின் என்னும் வேதிப்பொருள். டானின், புரதங்களுடன் எளிதில் பிணையும் இயல்புடையது. உமிழ்நீரிலுள்ள புரதங்களுடன் அது பிணைவதால் உமிழ்நீரின் வழவழப்புக் குறைந்து, வாய் வறண்டதுபோன்ற உணர்வு உண்டாகிறது.

இவ்வியல்பே ஆவாரைக்குத் தொழிலுலகில் ஓர் இடத்தைத் தேடித் தந்தது. இதன் பட்டையில் டானின் மிகுதி. விலங்குத் தோலை அப்பட்டை ஊறிய நீரில் இட்டால், தோலிலுள்ள புரதத்துடன் டானின் பிணைந்து, தோல் அழுகாத் தன்மை பெறும். பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொழிலகங்கள் ஆவாரம்பட்டையைப் பெருமளவில் பயன்படுத்தின. அத்தோல் கடல் கடந்து இங்கிலாந்துவரை சென்றது. பிற்காலத்தில் வெளிநாட்டு வாட்டில் மரத்தின் பட்டையும் குரோமிய உப்புகளும் அதன் இடத்தைப் பிடித்தன.

டானினுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அது இரும்புடன் சேர்ந்து கருநிறப் பொருளாகும். முற்காலத்தில் எழுதுமை செய்யப்பட்டது இம்முறையில்தான். இதே வினை உணவுப்பாதையிலும் நிகழ்கிறது. கீரை, பயறு முதலிய தாவர உணவுகளிலுள்ள இரும்புச்சத்துடன் டானின் பிணையும்போது, உடல் அச்சத்தை ஈர்த்துக்கொள்வது குறைகிறது. ஆகவே இரத்தச்சோகை உடையோர் துவர்ப்பு மிக்க குடிநீரை உணவுடன் சேர்த்துப் பருகுதல் கூடாது. ஒரே வேதிப்பொருள் ஓரிடத்தில் தோலைக் காக்கிறது. மற்றோரிடத்தில் சத்தைத் தடுக்கிறது. பயனும் தீங்கும் பொருளில் மட்டும் இல்லை. அளவிலும் வேளையிலும் பருகுபவரின் உடல்நிலையிலும் அடங்கியுள்ளன.

டானின் மட்டுமன்றி, ஃபிளேவனாய்டுகள் என்னும் வகைப் பொருள்களும் இப்பூவில் உள்ளன. தாவரங்களின் பல மஞ்சள் நிறமிகள் இவ்வகையைச் சார்ந்தவை.

ஆய்வுகள் கூறுவன

ஆவாரம்பூவைக் குறித்து ஆய்வகங்களில் பல ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. அவற்றுள் ஒன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையில் நடைபெற்று 2002-ஆம் ஆண்டில் வெளியானது. எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் என்னும் வேதிப்பொருளைச் செலுத்தி, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களைச் சிதைத்து, செயற்கையாக நீரிழிவை உண்டாக்கினர். பின்னர் ஆவாரம்பூவின் நீர்ச்சாற்றை 30 நாள்களுக்குக் கொடுத்தனர். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.45 கிராம் என்னும் அளவில் சாறு பெற்ற எலிகளின் இரத்தச் சர்க்கரை குறைந்தது. இன்சுலின் அளவு கூடியது. கிளைபென்கிளமைடு என்னும் நீரிழிவு மருந்துடனும் இதன் விளைவு ஒப்பிடப்பட்டது.

2004-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, இப்பூ எவ்வாறு செயல்படக்கூடும் என்பதை ஆராய்ந்தது. உணவிலுள்ள மாவுப்பொருளைக் குடலில் சர்க்கரையாகச் சிதைக்கும் நொதிகளுள் ஒன்று ஆல்ஃபா குளுக்கோசிடேஸ். பூவின் சாறு அந்நொதியின் செயலைத் தடுப்பதை அவ்வாய்வு காட்டியது. நொதி தடைப்பட்டால் மாவுப்பொருள் மெதுவாகச் சிதையும். உணவுக்குப்பின் இரத்தச் சர்க்கரை திடீரென உயராது.

இவ்விரு ஆய்வுகளும் மரபின் கூற்று வெற்று நம்பிக்கை அன்று என்பதை உணர்த்துகின்றன. ஆயினும், இவற்றைக் கொண்டே ‘ஆவாரம்பூ நீரிழிவைக் குணமாக்கும்’ என்று முடிவுகட்ட இயலாது. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, எலியின் உடல் மனித உடல் அன்று. எலிக்குக் கொடுத்த அளவை மனிதரின் எடைக்கு ஏற்பப் பெருக்கி, அதுவே தகுந்த அளவு என்று கொள்ளவும் முடியாது. உடலினுள் மருந்து சிதையும் விரைவு உயிரினத்துக்கு உயிரினம் வேறுபடும்.

இரண்டாவது, ஆய்வகச் சாறு வேறு. அடுப்பில் காய்ச்சிய குடிநீர் வேறு. ஆய்வாளர்கள் சாற்றைச் செறிவூட்டி, நிறுத்து, ஒரே அளவில் நாள்தோறும் கொடுக்கின்றனர். நொதியைப் பற்றிய ஆய்வில் பூவின் சாறு மெத்தனால் என்னும் கரைப்பானால் எடுக்கப்பட்டது. நீரில் கரையாத சில பொருள்கள் அதில் கரையும். வீட்டுக் குடிநீரிலோ பூவின் அளவும் காய்ச்சும் நேரமும் நாளுக்கு நாள் மாறுகின்றன.

மூன்றாவது, ஒரு மருந்தின் பயனை உறுதிசெய்ய, போதிய எண்ணிக்கையிலான நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தையும் மற்றொரு குழுவுக்கு மருந்தைப் போன்ற வெற்றுப்பொருளையும் கொடுத்து, நெடுநாள் கண்காணித்து ஒப்பிட வேண்டும். ஆவாரம்பூக் குடிநீரை மட்டும் எடுத்துக்கொண்டு இவ்வாறு விரிவாக நடத்திய ஆய்வுகள் மிக அரியன.

தெரியுமா?

நீரிழிவுக்கு உலகெங்கும் பெரிதும் வழங்கப்படும் மாத்திரை மெட்ஃபார்மின். இதன் வரலாறும் ஒரு பூஞ்செடியிலிருந்தே தொடங்குகிறது. ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் ‘காலேகா அஃபிசினாலிஸ்’ என்னும் செடி பயன்பட்டுவந்தது. அதிலுள்ள கலெஜின் என்னும் பொருள் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. எனினும் நச்சுத்தன்மை மிகுந்திருந்தது. அதனோடு தொடர்புடைய வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினை 1922-ஆம் ஆண்டில் எமில் வெர்னர், ஜேம்ஸ் பெல் ஆகியோர் டப்ளினில் உருவாக்கினர். 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நீரிழிவு நோயாளிகளிடம் அதன் பயனை வெளியிட்டார். செடியின் பயனை ஏற்று, நச்சை விலக்கி, அளவை வரையறுத்த பின்னரே அது மருந்தாயிற்று.

எச்சரிக்கையுடன் பருகுதல்

இயற்கைப் பொருள் எதுவும் தீங்கு செய்யாது என்னும் கருத்து பரவலாக உள்ளது. ஒரு பொருள் உடலில் நன்மை விளைவிக்கும் ஆற்றல் உடையதாயின், தீமை விளைவிக்கும் ஆற்றலும் அதற்கு இருக்கக்கூடும். மரபு மருத்துவமும் இதனை அறிந்தே அளவு, வேளை, பத்தியம், துணைப்பொருள் என்று பல வரையறைகளை வகுத்தது.

முதன்மையான இடர், மருந்தை நிறுத்துவது. நீரிழிவு நோயாளி ஒருவர் ஆவாரம்பூக் குடிநீரை நாள்தோறும் பருகத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். தாகம் தணிகிறது, உடல் இலேசானதாகத் தோன்றுகிறது. நோய் நீங்கிவிட்டது என்று எண்ணி, அவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இரத்தச் சர்க்கரை உயர்ந்தாலும் தொடக்கத்தில் வலி தோன்றுவதில்லை. அறிகுறி எதுவும் இன்றியே விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவை சிறிது சிறிதாகச் சிதைகின்றன. பார்வை மங்கியபோதோ, காலில் உண்டான புண் ஆறாதபோதோ அவர் மருத்துவமனைக்குச் செல்கிறார். இழந்த பார்வையை முழுமையாக மீட்பது அரிது. அவருக்குக் கேடு செய்தது ஆவாரம்பூ அன்று. அதனால் ஆகாத செயலை அதனிடம் எதிர்பார்த்ததே ஆகும். உடலில் இன்சுலினே சுரக்காத முதல் வகை நீரிழிவு உடைய சிறுவர்க்கு, இன்சுலின் ஊசியை நிறுத்துவது சில நாள்களிலேயே உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

இதற்கு மாறான இடரும் உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையையும் குடிநீரையும் மருத்துவர் அறியாமல் சேர்த்து உட்கொண்டால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம், மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள்.

பிற மருந்துகளின் செயலையும் இக்குடிநீர் மாற்றக்கூடும். 2004-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, ஆவாரையுடன் சேர்த்துக் கொடுக்கையில், வலிப்பு நோய்க்கான கார்பமசெபின் என்னும் மருந்தின் அளவு எலிகளின் இரத்தத்தில் உயர்வதைக் கண்டறிந்தது. மேலும், 1981-ஆம் ஆண்டில் வெளியான, இலங்கை மூலிகைகள் குறித்த ஆய்வு, பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் காணப்பட்ட செடிகளுள் ஆவாரையையும் சேர்த்திருந்தது. இவ்வகைப் பொருள்கள் கல்லீரலுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. எனவே கல்லீரல் நோய் உடையோர், கருவுற்ற மகளிர், பாலூட்டும் தாய்மார், நாள்தோறும் வேறு மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரைக் கலந்தே இதனைப் பருக வேண்டும். குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல் கூடாது.

செடியை மாற்றி எடுத்துவிடும் இடர் அடுத்தது. மஞ்சள் பூப் பூக்கும் சென்னா இனங்கள் பல உள்ளன. திருநெல்வேலிச் சீமையில் பயிரிடப்பட்டு வெளிநாடுகளுக்கும் அனுப்பப்படும் நிலவாகை அவற்றுள் ஒன்று; அது கடும் பேதி மருந்து. பேயாவாரை என வழங்கும் ‘சென்னா ஆக்சிடென்டாலிஸ்’ இன்னும் கொடியது. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் குழந்தைகள் பலர் ஆண்டுதோறும் மூளையும் கல்லீரலும் தசையும் பாதிக்கப்பட்டு இறந்தனர். வைரசுக் காய்ச்சலே காரணம் என நெடுநாள் எண்ணப்பட்டது. அக்குழந்தைகள் இச்செடியின் விதைகளை உண்டதே காரணம் என்பதை மருத்துவர்கள் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். பூவின் நிறம் ஒன்றையே நம்பிச் செடியைப் பறிப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இந்நிகழ்வு சான்று. காதுமடல் போன்ற செதிலும், தாள் போன்ற தட்டைக் காயும் ஆவாரையை வேறுபடுத்திக் காட்டும். ஐயம் எழுமாயின், செடியை நன்கறிந்தவரிடம் காட்டித் தெளிந்த பின்னரே பறிக்க வேண்டும்.

நெடுஞ்சாலையோரச் செடிகளின்மேல் வண்டிப்புகையின் கரியும் தூசும் படிந்திருக்கும். வயலோரச் செடிகளில் பூச்சிக்கொல்லி தெளித்திருக்கக்கூடும். அத்தகைய இடங்களில் பூப்பறிப்பதைத் தவிர்த்தல் நன்று.

பழமொழியின் உட்பொருள்

ஆவாரம்பூக் குடிநீரின் இடம் எது என்பதை இப்போது வரையறுத்துக் கூறலாம். நலமுடன் இருப்போர்க்கு இது தாகம் தணிக்கும் இனிய பானம். பாலும் சர்க்கரையும் மிகுந்த தேநீரை நாளுக்குப் பலமுறை பருகுவோர், அவற்றுள் ஒரு வேளைக்கு மாற்றாகச் சர்க்கரை சேர்க்காத ஆவாரம்பூக் குடிநீரைப் பருகினால், பூவின் மருத்துவப் பண்பு ஒருபுறமிருக்க, சர்க்கரை குறைவதனாலேயே நன்மை உண்டு. நீரிழிவு உடையோர்க்கு இது மருத்துவரின் அறிவுரையோடு பருகத்தக்க துணை. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மருந்து, முறையான குருதிச் சோதனை ஆகியவற்றுக்கு மாற்றாக அமைவதன்று.

பழமொழிகள் ஒன்றை உயர்த்திக் கூறும் இயல்புடையன. “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?” என்று சொன்னவர்களும் தம் ஊரில் இறப்பைக் கண்டவர்களே. மருந்து தொலைவில் இல்லை, காலடியிலேயே இருக்கிறது, அதனை அறிந்துகொள் என்பதே அவர்கள் சொல்ல விரும்பியது. அவர்களிடம் நுண்ணோக்கியும் குருதிச் சோதனையும் இல்லை. கண்ணால் கண்டதையும் நாவால் சுவைத்ததையும் உடலால் உணர்ந்ததையும் கொண்டே அவர்கள் ஒரு செடியின் பண்பை அறிந்தனர். கண்ணுக்குத் தெரியாத கல்லீரலின் நிலையையும் இரத்தத்தின் சர்க்கரையையும் அளக்கும் கருவிகள் இன்று உள்ளன. முன்னோர் தொடங்கிய உற்றுநோக்கலை அக்கருவிகளின் துணையுடன் தொடர்வதே மரபுக்குச் செய்யும் நன்றி.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் காணப்படும் மூன்று மருத்துவப் பூக்களின் பெயர், அடையாளம், பயன்படுத்தும் முறை ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டுத் தொகுத்து, வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

2. கடையில் விற்கப்படும் மூலிகைத் தேநீர்ப் பொட்டலம் ஒன்றில் அச்சிடப்பட்டுள்ள கூற்றுகளைப் படித்து, அவற்றுள் சான்றுடன் கூறப்பட்டவை எவை, சான்றின்றிக் கூறப்பட்டவை எவை எனப் பிரித்து எழுதுக.

3. ‘பாட்டி வைத்தியமும் மருத்துவ அறிவியலும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடல் நிகழ்த்துக.

4. ஆவாரைச் செடியைப் பிற மஞ்சள் பூச் செடிகளிலிருந்து வேறுபடுத்தி அறிய உதவும் அடையாளங்களைப் படம் வரைந்து விளக்குக.